சாரல் விழும்வரை இருக்கலாம்

1

குற்றாலச் சாரல் எப்படி உண்டாகிறது என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே ஒரு வீட்டின் ஓட்டு இடுக்கிலிருந்து புகை வந்துவிட்டது.

1989 மே மாதம், இலஞ்சியிலிருந்து சைக்கிளில் குற்றாலம் போகையில் நான் பார்த்த புகை அது. ஜூனில் சாரலோடு தொடங்கும் சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடுகிற வீடு. மே மாதத்தில் அங்கே யாருக்கு என்ன வேலை? ஆள் இருந்தால், உச்சிவேளையில் சோறு வேகும் வாசனையாவது வர வேண்டும். வரவில்லை.

இந்தக் கதைக்கு ஆதாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "சாரல் என்றாலே நெஞ்சில் ஓர் ஈரம்—" வேண்டாம்.

இன்னொன்று: "பலவேசம் லாரி ஓட்டினான். ஊர் ஊராகப் போனவன் ஒரு நோயை—" இது அவனைக் கூண்டில் ஏற்றுகிறது. வேண்டாம்.

அவன் மனைவி முப்பிடாதியம்மாளிடமிருந்து தொடங்குகிறேன். பலவேசம் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தான். அங்கேயே அவள் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. தென்காசிக்கு அவள் பஸ் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. அவள் குடியிருந்த வரிசை வீட்டு வளவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கிணறு. வாளி அவரவருடையது, கயிறு பொது. மறுநாள் காலையில் அவள் வாளியோடு போனபோது கயிறு இல்லை. அவள் உள்ளே போனதும் கயிறு திரும்ப வந்தது. மாதக் கடைசியில் வீடும் போயிற்று.

(இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கிருமி ரத்தத்தால், உடலுறவால், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும். கயிற்றில், தண்ணீரில், ஒருவர் சமைத்த சோற்றில் பரவாது. வெளிக்காற்றில் அதற்கு ஆயுசு குறைவு. ஒரு கயிறு எப்படி ஒளிக்கப்படுகிறது என்பதைத்தான் என்னால் இவ்வளவு சுலபமாக விளக்க முடியவில்லை.)

3

சீசன் வீடு எப்படிப் பிழைக்கிறது தெரியுமா? வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடந்தால் உத்தரத்தில் கரையான் ஏறும், சுவரில் பூஞ்சை படரும். தினமும் அடுப்புப் புகை பட்டால் மரம் கெடாது. அதனால் வீட்டுக்காரர் ஆவுடைநாயகம் யாரையாவது குடிவைப்பார். வாடகை கிடையாது, கூலியும் கிடையாது. அடுப்பு எரிந்தால் போதும்.

முப்பிடாதியின் விஷயம் அவருக்குத் தெரியும். "சாரல் விழுத வரைக்கும் இருந்துக்கோ" என்றார்.

விறகு அவருடையது. அரிசியைப் பற்றி ஒப்பந்தம் இல்லை. நடவுக்கோ களையெடுப்புக்கோ அவளை யாரும் கூப்பிடவில்லை. அரிசி இல்லாத நாளிலும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பானையில் வெறும் தண்ணீர் கொதித்தது. வீட்டுக்கு வேண்டிய புகை வீட்டுக்குக் கிடைத்தது.

[ஆவுடைநாயகத்தைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. அவளுக்கு இடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.]

4

இப்போது சாரல். எனக்குப் பிடித்த இடம். மேகம் மலையாளப் பக்கம் மலையேறி, கனத்தை அங்கேயே கொட்டிவிடும். மிச்சம் இருக்கிற பொடித் துளிகளைக் கணவாய்க் காற்று அள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வரும். அதனால்தான் வெயில் அடிக்கும்போதே தூறும். நல்லெண்ணெய் மினுங்கும் முதுகுகள், ஈரத்துண்டோடு நின்று தின்ற சுடு பஜ்ஜி, விரலெல்லாம் கறையாக்கும் மங்குஸ்தான். அருவியில் நனைந்து வெளியே வந்ததும் பல் கிட்டுகிற அந்தக் குளிர், அது இன்னும் என்—

நிறுத்துகிறேன். ஊரே அந்தக் காற்றுக்குக் காத்திருந்தது. அவள் மட்டும், இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போகட்டும் என்று இலஞ்சி முருகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

5

ஆவுடைநாயகம் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்.

"ஏட்டி, காத்து திரும்பிட்டு. நாளைக்கு மதுரக்காரவுக வருதாக. வீட்ட ஒழிச்சுக் குடு."

எங்கே போவேன் என்று கேட்டாள். தனக்கு அவள்மேல் ஒன்றுமில்லை, வருகிறவர்களுக்குத் தெரிந்தால் ஒருவரும் தங்க மாட்டார்கள் என்றார்.

"நான் போட்ட பொகதான் அண்ணாச்சி உத்தரம் பூரா இருக்கு. அதயும் சொரண்டிருவேளோ?"

அவர் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். சுவரைப் பார்த்தபடியே, "வாய் மட்டும் கொறயல ஒனக்கு" என்றார்.

6

முடிவு ஒன்று: கேரள எல்லைப் புளியறையில் முகம்மது மீரானின் சாப்பாட்டுக் கடை. பலவேசம் லாரியை நிறுத்திச் சாப்பிட்ட கடை. மீரான் அவளை மசாலா அரைக்கச் சேர்த்துக்கொள்கிறார். (ஆசையாகத்தான் எழுதினேன். ஆனால் அங்கே சாப்பிடுகிற டிரைவர்கள் எல்லாரும் பலவேசத்தை அறிந்தவர்கள்.)

முடிவு இரண்டு: அவள் அந்த மழையிலேயே— இல்லை. இது எழுதுகிறவனுக்கு வசதியான சாவு.

முடிவு மூன்று: சீசனுக்கு வருகிற குடும்பங்கள் உள்ளூரில் ஒருத்தியைச் சமையலுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அவளுக்குச் சாப்பாடு உண்டு. அடுப்படியில் படுக்க இடமும் உண்டு. முப்பிடாதி மூட்டையோடு வாசலைத் தாண்டும்போது மதுரை வேன் வந்து நிற்கிறது. ஓர் அம்மாள் இறங்கி, "ஏம்மா, சமைக்கத் தெரியுமா? பிள்ளைக பசியில இருக்கு" என்கிறாள்.

"நல்லாவே சமைப்பேன். ஆனா, அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

ஆவுடைநாயகம் கையில் சாவி. அவளுக்கு இருப்பதை அவர் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த அம்மாளுக்கு அன்றைக்குக் கிருமி சோற்றில் பரவாது என்று விளக்க ஆள் இல்லை. அவளிடம் முடிவைக் கேட்பது நியாயமாகாது. அவளை வேனுக்குள் உட்கார வைத்துவிட்டு, வாசலில் உங்களை நிறுத்துகிறேன். தூறல் வலுக்கிறது. முப்பிடாதி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். மூட்டையை இன்னும் கீழே வைக்கவில்லை.