ஒன்பதாம் அறைத் துண்டு

காலை ஒன்பதரைக்குள் ஷெரோமி நான்கு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றியிருந்தாள். இடையில் ஆறு தடவை போனை எடுத்துப் பார்த்தாள். ஆறு தடவையும் அது சிக்னல் இல்லை என்றது.

சீகிரியாவில் அவள் வேலை செய்த ஹோட்டலின் வாசலில் 'வைஃபை இலவசம்' என்று மூன்று மொழிகளில் பலகை உண்டு. வேலையாட்களுக்குக் கிடையாது என்பதை மட்டும் மேற்பார்வையாளர் இப்திகார் வாயால் சொல்லுவார். தினமும் அறை அறையாகப் போய், வைஃபை கோட் அச்சடித்த கடதாசித் துண்டை மேசையில் வைப்பது ஷெரோமியின் வேலை. ஒரு துண்டு மறுநாள் பகல் பன்னிரண்டு வரை செல்லும்.

அவளுக்கும் பன்னிரண்டு வரைதான் நேரம். ரிசெப்ஷனில் ஓர் இடம் காலியாக இருந்தது. இணையத்தில் இலவசமாக நடக்கும் வரவேற்பாளர் பயிற்சியை இன்று பகல் பன்னிரண்டுக்குள் முடித்தவர் இருந்தால் உள்ளுக்குள்ளேயே ஆள் எடுப்போம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான்கு மாதமாக, வேலையாட்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தாங்கியில் ஏறி, பதினெட்டுப் பாடங்களைப் பார்த்து முடித்தாள். எதற்கெடுத்தாலும் 'யெஸ் மேடம்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது வெள்ளைக்காரர்களுக்குப் பஸ் நேரம்கூட ஆங்கிலத்தில் சொன்னாள். மிச்சமிருந்தது கடைசிப் பரீட்சை. நேற்றுத் தாங்கியில் காற்று அடித்ததில் பதினோராவது கேள்வியோடு சிக்னல் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

"தாங்கியில ஏறின ஏத்தத்துக்கு நீ சீகிரியாக் கல்லையே நூறு தரம் ஏறியிருக்கலாம்டி" என்றாள் கூட வேலை செய்யும் பாப்பம்மா. "டிக்கட் காசும் மிச்சம்."

ஒன்பதாம் அறைக்காரர்கள் விடியுமுன்பே பெட்டியோடு போயிருந்தார்கள். மேசையில் அவர்களுடைய துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"எடுத்து சட்டைக்குள்ள போடு."

"புக்ல எழுதணும் அக்கா."

"லூசாடி நீ?"

"எழுதாட்டி களவுன்னு சொல்லுவாங்க."

விருந்தினர் எதை விட்டுப் போனாலும் மறதிப் பொருள் புத்தகத்தில் பதிய வேண்டும். போன மாதம் பாப்பம்மா ஒற்றைக் காலுறையைப் பதிந்திருந்தாள். அதற்குக் கீழே ஷெரோமி எழுதினாள்: அறை 9, வைஃபை துண்டு, ஒன்று. நேரம் போட்டாள். கையெழுத்தும் வைத்தாள்.

தேநீர் நேரத்தில் அழுக்குத் துவாய்க் குவியலில் உட்கார்ந்து பரீட்சையைத் திறந்தாள். இருபத்தைந்து கேள்விகள். வட்டம் சுற்றும்போதெல்லாம் மூச்சை நிறுத்திக்கொண்டாள். பதினேழாவது கேள்வி: விருந்தினர் விட்டுச்சென்ற பொருளைக் கண்டால் என்ன செய்வீர்கள்? 'பதிவேட்டில் எழுதுவேன்' என்பதை அழுத்தினாள். இருபத்துமூன்று சரி. சான்றிதழில் அவள் பெயர் தங்க நிறத்தில் வந்தது.

பன்னிரண்டரைக்கு இப்திகார் கூப்பிட்டார். அவர் முன்னால் கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலும் மறதிப் பொருள் புத்தகமும் விரிந்திருந்தன.

"ரூம் நைன் காலையிலயே போயிட்டாங்க. பத்து மணிக்கு அந்தக் கோட்ல யாரு போன் ஓடினது?"

"நான்தாங்க சேர். புக்ல எழுதியிருக்கேன்."

"எழுதினது சரி. எடுத்தது?"

"குப்பைக்குப் போற துண்டு சேர். பன்னெண்டோட செத்துப்போயிரும்."

"மூணு மாசம் யாரும் கேட்டு வராட்டித்தான் கண்டெடுத்தவங்களுக்கு. ரூல்ஸ் தெரியாதா?"

தெரியும். அது பதினெட்டாவது கேள்வி. அதுவும் சரிதான்.

அவள் போனை நீட்டினாள். இப்திகார் சான்றிதழை நீண்ட நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மகள். ஆனா ரிசெப்ஷனுக்கு நம்பிக்கையான ஆள் வேணும்னு மேல சொல்றாங்க." அவர் புத்தகத்தை மூடினார். "நாளையிலருந்து துண்ட என்வலப்புல ஒட்டித்தான் வைக்கணும். உங்க இங்கிலீஷ் எழுத்து வடிவா இருக்கு. என்வலப் மேல நீங்களே எழுதிருங்க."

அன்று பின்னேரம் நாற்பத்திரண்டு உறைகள். 'அன்பு விருந்தினரே, எங்கள் இணையம் உங்களுக்கு இலவசம்' என்று ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் எழுதினாள். துண்டை உள்ளே வைத்து, விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினாள். இருபதாவதில் பசை கசந்தது. முப்பதாவதில் நாக்கு மரத்துப்போனது.

இப்திகார் வந்தார். மேலே இருந்த உறையின் விளிம்பில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார். திறக்கவில்லை.

"இறுக்கமாத்தான் ஒட்டியிருக்கீங்க" என்றார்.