வடக்குப் பார்த்த பெஞ்சு

எங்கள் ஊரில் பொது இடத்தில் ரிமோட் கார் ஓட்டுவது குற்றமில்லை. கார் ஓடும் வேகம் ரிமோட்டைப் பிடித்திருப்பவருடையது, அவ்வளவுதான் சட்டம். காருக்குள் ஆள் கிடையாது. ஆளில்லாத வேகத்தைச் சட்டம் எங்கே கொண்டுபோய் வைக்கும்? அதனால் நகராட்சிப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து ரிமோட்டைத் திருகுகிறவர்கள் ஹெல்மெட் போட்டிருப்பார்கள். வாக்கிங் போகிறவர்கள் அவர்களைக் கொஞ்சம் ஒதுங்கியே கடப்பார்கள்.

வேகம் யாருடையதோ, தூரமும் அவருடையதுதான். கார் என்னவோ நீரூற்றைத்தான் சுற்றிச் சுற்றி வரும். உட்கார்ந்திருப்பவர் பெஞ்சு பார்க்கும் திசையில் போய்க்கொண்டே இருப்பார். தெற்குப் பார்த்த பெஞ்சில் தினமும் உட்கார்ந்த ஜவுளிக்கடை கணக்கப்பிள்ளை கன்னியாகுமரியையும் தாண்டிவிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு ஓடாததால் அவர் கடைக்கு வருவதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சை எடுத்துவிட்டார்கள்.

என் மனைவி வடிவு உட்கார்ந்தது வடக்குப் பார்த்த பெஞ்சு.

ரயில்வே டிக்கெட் கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே பஜாருக்குப் போய், கடையில் இருந்ததிலேயே வேகமான காரை வாங்கி வந்தாள். "பக்கத்துல உக்காருங்க" என்று என்னையும் கூப்பிட்டாள். எனக்கு டவுன் பஸ்ஸிலேயே வயிற்றைப் புரட்டும். முதல் நாள் உட்கார்ந்தேன். இரண்டு சுற்று முடிவதற்குள் பூச்செடிக்குள் வாந்தி எடுத்தேன். அதன்பின் குழாயடியில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. கூட உட்கார்ந்திருந்தால் கூடவே போயிருப்பேன் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

மதுரை தாண்டும்வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திண்டுக்கல்லுக்குப் பிறகு, அவள் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு நீட்டும் காபி ஆறிப்போய் வந்தது. அவ்வளவு தூரம் வர வேண்டுமல்லவா. கரூரில் இருந்தபோது நான் கேட்பதற்கெல்லாம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்து சேர்ந்தது. அவள் சேலம் தாண்டியதும் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கு மட்டும் பத்திரிகை வைத்தார்கள். "அக்காதான் ஊர்ல இல்லையே" என்று அவளிடமே சொன்னார்கள். அவளும் ஆமாம் என்று வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓசூருக்கு அப்புறம் வேறு மாநிலம். எல்லை தாண்டிவிட்டால் அவள் பேசுவது எனக்குப் புரியாமல் போய்விடும். பக்கத்தில் படுத்திருப்பவள் என்ன சொல்கிறாள் என்று ஊரில் யாரைப் பிடித்துக் கேட்பது?

ஒருநாள் சாயங்காலம் போக்குவரத்து ஏட்டு செல்லச்சாமி பெஞ்சுக்கு முன்னால் வந்து கையைக் காட்டினார்.

"வண்டிய ஓரங்கட்டுங்கம்மா."

வடிவு எழுந்தாள். நானும் அவளுமாகப் பெஞ்சைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டோம்.

"திருப்பிறாதீங்க சார். இங்க யூ டர்ன் கிடையாது" என்றார் ஏட்டு. பிறகு அவளைப் பார்த்து, "பார்க்குக்குள்ள நாப்பதுக்கு மேல போகக் கூடாதும்மா. நீங்க எம்பதுல போறீங்க" என்றார்.

"ரோடு காலியா இருந்துச்சு சார்."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. "இப்ப எங்க இருக்கீங்க?"

"ஓசூர் வந்தாச்சு."

"பார்டர் தாண்டிட்டா எங்க லிமிட்டுல வராது. பாத்துக்கங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க கூடப் போகலையா சார்?"

"இல்லை" என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் என் தோளில் கை வைத்தார். "திரும்பி வரணும்னா ரிவர்ஸ்லதான் வரணும். பின்னால ஒரு ஆள் நின்னு சொல்லணும். அது ரூல்ஸு."

மறுநாள் அவள் உட்கார்ந்ததும் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றேன். முதுகுப் பலகையைத் தட்டி, "வரலாம், வரலாம்" என்றேன். தொண்டைத் தண்ணீர் வற்றும்வரை சொன்னேன். நீரூற்றுக்குப் பக்கத்தில் கார் அசையாமல் நின்றது. வடிவு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பதில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

"இங்க குளிருதுங்க. நல்லாருக்கு" என்றாள். "எத்தன பேருக்கு ஓசூருக்கு டிக்கெட் குடுத்திருப்பேன். அத்தன பேரும் போயிட்டாங்க. நான் கண்ணாடிக்கு உள்ளயே இருந்துட்டேன். இனிமே பின்னால வர மாட்டேங்க."

நான் முதுகுப் பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"உங்கள விட்டுட்டு முன்னாலயும் போகல. நீங்க வாங்க."

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் கூப்பிட்டுவிட்டாளே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

என்னை ஓசூருக்குப் பஸ் ஏற்றிவிட வடிவு பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள். என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். "வயித்தப் பெரட்டுனா மோந்து பாருங்க. ஓசூர்ல எறங்குன எடத்துலயே நில்லுங்க, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றாள். பஸ் நகர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். கல்யாணமானதிலிருந்து அவளைப் பிரிந்து அவ்வளவு தூரம் போனதில்லை. பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

வழியெல்லாம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஓசூரில் இறங்கியபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வடிவு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். நான் பார்த்திராத நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரொம்ப மெலிஞ்சிட்டீங்க" என்றாள். பிறகு பையை வாங்கிக்கொண்டு, "வீட்டப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பூட்டல. நீதான் அங்க இருக்கியே."

"அப்பச் சரி" என்றாள். "பால்காரர் வந்தா நானே வாங்கி வச்சிருவேன்."