பூனையின் இரண்டு கண்கள்

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் நாளெல்லாம் திரி சொருகிய விரல்கள் மடங்க மாட்டாமல் வலித்தன. முத்துப்பேச்சி பொழுதடைய வீடு வந்தபோது, அவள் புருஷன் கண்ணுச்சாமி சுவரில் இல்லாத எறும்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாக்கு வறண்டு பேச்சு குழறியது. கண்மணி அகலத் திறந்து கிடந்தது.

"மருந்து வச்சுட்டாளே! எம்மகனைக் கைக்குள்ள போட்டுக்கிட சோத்துல மருந்து வச்சுட்டாளே!" மாமியார் ராமுத்தாய் மருமகளின் முடியைப் பிடித்து ஓர் அறையும் கொடுத்தாள்.

"இவரைக் கைக்குள்ள போட்டு நான் என்னத்தைச் செய்ய?" என்றாள் முத்துப்பேச்சி.

யாரும் சிரிக்கவில்லை. ஆள் செத்தால் போலீஸ், பிழைத்தால் மருமகளை அத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது என்று பேசி முடித்துவிட்டுத்தான் சொந்தக்காரர்கள் வண்டி கட்டினார்கள்.

விடிந்தபோது ஆஸ்பத்திரி. டாக்டர் கண்ணைப் பார்த்தார். "ஊமத்தை மாதிரி இருக்கு. மூத்திரத்தைச் சோதிக்க மெட்ராசுக்கு அனுப்பினா பதில் வர மாசக்கணக்காகும். பூனை கிடைக்குமா?"

எதிரே அரிசிக்கடை வைத்திருந்த சபியாவிடம் முத்துப்பேச்சி அவள் பூனையைக் கேட்டு வாங்கி வந்தாள். "பொழுதுக்குள்ள திருப்பிக் குடுத்துருத்தா. எலிக்கு லீவு கிடையாது."

டாக்டர் நோயாளியின் மூத்திரத்தில் ஒரு சொட்டைப் பூனையின் இடது கண்ணில் விட்டார். கோடாக இருந்த கண்மணி வட்டமாக விரிந்து அப்படியே நின்றது.

"ஊமத்தைதான்."

"பாத்தீகளா, பூனையே சொல்லிருச்சு!" என்றாள் ராமுத்தாய்.

"என்ன விஷம்னுதாம்மா பூனை சொல்லும். குடுத்தது யாருன்னு சொல்லாது."

அது டாக்டருக்குப் போதும். முத்துப்பேச்சிக்குப் போதாது. புருஷன் மடியைத் துழாவினாள். கையால் சுற்றிய பீடிகள் சில கிடைத்தன. முகர்ந்தாள். புகையிலை வாடை இல்லை.

"அய்யா, இதையும் பாருங்க. இன்னொரு கண்ணு சும்மாதான இருக்கு."

பீடித்தூளை ஊறவைத்து வடித்து வலது கண்ணில் விட்டார். அதுவும் விரிந்தது.

ராமுத்தாய் எட்டிப் பார்த்தாள். "இது இளைப்புக்குல்ல? கரித்தூள் சலிக்கிறவனுக்கு நெஞ்சு இளைக்காதா? நாந்தான ஊமத்தை இலையைக் காயவச்சுச் சுத்திக் குடுத்தேன். ஒண்ணு குடிலேன்னா, கட்டுல முக்காவாசியக் குடிச்சிருக்கானே!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது.

டாக்டர் கை கழுவப் போனார். பிடி தளர்ந்த பூனை, இரண்டு கண்ணும் கூச, வெயிலில் குதித்து எங்கோ ஓடிவிட்டது.

கண்ணுச்சாமி மறுநாள் தெளிந்து கஞ்சி கேட்டான். யாரும் அத்துவிடவில்லை. அறைந்ததைப் பற்றியும் யாரும் பேசவில்லை. முத்துப்பேச்சி திரி சொருகப் போனாள்.

சபியாவுக்குப் பூனை ஒன்று பாக்கி.