பதினெட்டாம் உறை

அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: யூதச் சிந்தனையின் மூவாயிரம் ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக, கொடுப்பவர் யாரென்று வாங்குபவருக்கும், வாங்குபவர் யாரென்று கொடுப்பவருக்கும் தெரியாத முனைவர் பட்ட உதவித்தொகை ஒன்று எருசலேமில், எங்கள் குன்றின்மேல், நிறுவப்பட்டிருக்கிறது.

1.

இந்தக் கதை பிறந்தது மேலே உள்ள வாக்கியத்தில்தான். அதை எழுதியவன் நான். பல்கலைக்கழகத்தின் நன்கொடையாளர் பிரிவில் இருபது வருடமாகப் பெயர்ப்பலகை வாசகம் எழுதுகிறேன். எங்கள் வளாகத்தில் பெஞ்சு, லிஃப்ட், குடிநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு புண்ணியவானின் பெயர் உண்டு. மூன்றாம் மாடிக் கழிப்பறைக்கு இரண்டு பெயர். சகோதரர்கள், பேச்சுவார்த்தை கிடையாது.

கொடுப்பவர்கள் எல்லோரும் பதினெட்டின் மடங்கில்தான் கொடுப்பார்கள். எங்கள் எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு; அந்தக் கணக்கில் பதினெட்டு என்றால் உயிர். நூற்றெண்பது வரும், பதினெட்டாயிரம் வரும். பத்தொன்பது கொடுத்த மனிதரை நான் பார்த்ததில்லை.

(இந்த வேலைக்கு முன் நானும் முனைவர் பட்டத்துக்குப் படித்தேன். உதவித்தொகை நின்றது, படிப்பும் நின்றது. இது கதைக்குத் தேவையில்லை. இதை அடித்துவிட மறந்தால் மன்னிக்கவும்.)

2.

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில், எருசலேமின் பொன்னிறக் கற்கள் தம் பழங்கதைகளை..."

வேண்டாம். அந்தக் கற்களுக்கும் பலகை வைத்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: நெஹாமா அபெர்ஜெலுக்கு முப்பத்து நான்கு வயது. ஆய்வுத் தலைப்பு, மறைவாகக் கொடுக்கும் தர்மம். உதவித்தொகை கிடைக்காவிட்டால் அடுத்த ஞாயிறு முதல் அஃபுலாவில் அக்காள் கணவரின் மெத்தைக் கடையில் வேலை. அவர் ஏற்கெனவே அவள் பெயர் போட்டுச் சட்டை தைத்துவிட்டார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3.

அடுத்த பாத்திரம் ஃபிஷல் கோர்ன்ப்ளிட். ஹோலோனில் பிளாஸ்டிக் நாற்காலி ஆலை வைத்திருப்பவர். [இவரை நீங்கள் நம்புவீர்களா என்பது சந்தேகம். நானே நேரில் பார்த்துத்தான் நம்பினேன்.] நெஹாமாவுக்குப் பணம் கொடுக்க வந்தவர், அவள் தலைப்பைக் கேட்டதும் உருகிப்போனார்.

"மறைவா குடுக்கறதா! அடடா! புத்தக அட்டையில என் பேரு எவ்ளோ பெருசா வரும்மா?"

"ஐயா, மறைவா குடுத்தா பேரு வராது. குடுக்கறவருக்கும் வாங்கறவருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியவே கூடாது. அதுதான் ஒசந்த தர்மம். எம்பது பக்கம் எழுதியிருக்கேன்."

அந்த எண்பது பக்கத்தையும் அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டார்.* மறுவாரம் அவளைக் கூப்பிட்டார்.

"நீ எழுதினதுதாம்மா சரி. உனக்குக் குடுக்க முடியாது."

"ஏன்?"

"உன்னை எனக்குத் தெரியுமே!"

"மறந்துடுங்களேன்."

"எப்படிம்மா மறப்பேன்? எம்பது பக்கம்!"

* நன்கொடையாளர் ஆய்வேட்டைப் படித்தது இதுவே முதல் தடவை. வழிகாட்டிப் பேராசிரியர் இன்னும் படிக்கவில்லை.

4.

துறைத் தலைவர் ஹெலர் ஒரு வழி கண்டுபிடித்தார். விண்ணப்பத்தில் பெயர் இருக்காது. ஒட்டிய உறை, மேலே ஓர் எண். கோர்ன்ப்ளிட் ஓர் எண்ணைச் சொல்வார். மாணவர்களிடம் உறைகளை வாங்கி, உள்ளறையில் எண் போடும் புனிதப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விண்ணப்பித்த மாணவர்கள் இருபத்திரண்டு பேர். உறைகள் இருபத்துமூன்று. [இங்கே ஒரு விளக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

கோர்ன்ப்ளிட் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, நெடுநேரம் யோசித்தார்.

"பதினெட்டு!" என்றார், வானத்திலிருந்து இறங்கி வந்ததுபோல.

ஹெலர் உறையைக் கிழிக்கப் போனார்.

"கைய எடுய்யா! பிரிச்சா யாருன்னு தெரிஞ்சுடும்ல?"

"பிரிக்காம யாருக்குப் பணத்த அனுப்பறது?"

"கடவுளுக்குத் தெரியும்."

"கடவுள் வங்கிக் கணக்கு எண்ணு குடுக்க மாட்டாருய்யா!"

ஒரு மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் தீர்ப்பு: எண் போட்டவன், அதாவது நான், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் உறைக்காரரின் பெயரைக் கணக்குப் பிரிவில் காதோடு சொல்லவேண்டும். உறையை யாரும் எப்போதும் பிரிக்கக் கூடாது.

5.

இன்று காலை நெஹாமா உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பொரேகாஸோடு என் அறைக்கு வந்தாள்.

"அம்நோன், என்னோட எண்ணு எத்தன?"

"சொல்லக் கூடாது."

"சொல்ல வேணாம். பதினெட்டுன்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

நான் பொரேகாஸைக் கடித்தேன்.

"பொய் சொல்லப் போறப்ப உங்களுக்கு மூக்கு செவக்குது."

"கிழங்கு சூடு."

"அந்த மெத்தைக் கடைச் சட்டைய போட்டுப் பாத்தேன்," என்றாள். "தொளதொளன்னு இருக்கு."

இன்னொரு பொரேகாஸையும் வைத்துவிட்டுப் போனாள்.

6.

முடிவுகள்:

அ) நான் நெஹாமாவின் பெயரைச் சொல்கிறேன். அவள் முனைவர் ஆகிறாள். முன்னுரையில் "பெயர் அறியாத ஒருவருக்கு நன்றி" என்று எழுதுகிறாள். கோர்ன்ப்ளிட் அந்த வரியைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களிடமெல்லாம் காட்டி, "நான்தான், நான்தான்" என்கிறார்.

ஆ) யார் பெயரும் சொல்லப்படவில்லை. பணம் பலகைக்குப் போகிறது. வாசகம் கோர்ன்ப்ளிட்டிடமிருந்து நேற்றே வந்துவிட்டது: "பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், நாற்காலி ஆலை, ஹோலோன். பெரிய எழுத்தில் போடவும்."

இ) எழுதுகிறவன் தன் மனசாட்சியின் குரலுக்குச் செவிசாய்த்து...

வாசகரே, மணி பதினொன்று நாற்பது. கணக்குப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்றைத் தவிர, உங்களுக்கும் தெரியும். எந்தப் பெயரைச் சொல்லட்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் படியிறங்கத் தொடங்குகிறேன்.

பதினெட்டாம் உறை என்னுடையது.