பாட்டுதான் போட்டேன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கும் என்பது ஊருக்கே தெரியும். வாயும் வலிக்கும் என்பது நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? இதுவா, அதுவா?" என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு, தெருவே கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு மாலையில் யார் எதைக் கேட்டாலும் "ஏதோ ஒண்ணு" என்று சொல்லத்தான் தோன்றும். அன்றைக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

கையில் ஒரு துணிப்பை. அதற்குள் கருகிப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பேருந்தில் பக்கத்தில் நின்றவர் இரண்டு முறை மூக்கைச் சுளித்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நான்கு துளை, ஒரு சுவிட்ச், மெலிந்த வெள்ளை வயர். கண்ணாடிக்காரரே வாங்கி மாட்டியதுதான். மாட்டும்போது, "இதெல்லாம் தாங்கும்" என்று சொல்லியிருந்தார். எதை மாட்டினாலும் அவர் அதைத்தான் சொல்வார். ஆணியில் காலண்டரை மாட்டினாலும் தாங்கும், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும். வாயில் வந்துவிடுமே தவிர, எதையும் தூக்கிப் பார்த்துச் சொன்னதில்லை.

அந்த பாக்ஸ் அக்காவின் அறையில் இருந்தது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வானொலி நிலையத்தில் ஒலிநாடாக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் தம்பி வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். வரும்போது புடவைகள் ஒரு பெட்டி. மற்றதெல்லாம் அந்த ஆடியோ செட். ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், கேசட் டெக், இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அந்த வீட்டில் கட்டில் தம்பியுடையது, மின்விசிறி தம்பியுடையது, சாப்பிடும் தட்டுகூட அந்த வீட்டுத் தட்டு. செட் மட்டும்தான் அவளுடையது. வெளியே போக முடியாத ஒருத்திக்குப் பகல் எவ்வளவு நீளம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. அவள் அதைப் பாட்டால் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வாரத் தொடக்கத்தில் ஒரு காலை, கண்ணாடிக்காரர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், மனைவியிடமிருந்து போன் வந்துவிட்டது. அவள் பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது தீய்ந்த வாடை வந்திருக்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் பின்னறையில் புகை. பாக்ஸ் உருகிக்கொண்டிருந்தது, திரைச்சீலையின் ஓரம் பழுப்பேறிவிட்டது. மெயினை அணைத்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா வீடே போயிருக்கும்ங்க. உங்க அக்காவைக் கேட்டேன். 'நான்தான் பாட்டு போட்டேன்'னு ஒத்துக்கிட்டாங்க."

அன்று மாலை மனைவி சத்தம் போடவில்லை. சத்தம் போடவும் அவளிடம் தெம்பு இல்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்தபடி தீர்ப்பை மட்டும் சொன்னாள். "தினமும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு என்னால வேலைக்குப் போக முடியாது. கெட்டியா, அந்தச் செட்டோட லோடைத் தாங்குற மாதிரி ஒரு பாக்ஸ் வாங்கிட்டு வாங்க. நான் பார்க்கணும். எனக்கு நம்பிக்கை வந்தா இருக்கட்டும். இல்லைன்னா கொடுத்துடலாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார், லீவு நாள்ல வந்து எடுத்துக்குவார்."

நாளைதான் அந்த லீவு நாள். வாரம் முழுக்கக் கண்ணாடிக்காரர் சோர்வைச் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டுவிட்டார். இனித் தள்ள நாள் இல்லை.

மின்சாதனக் கடையில் ஒரு சுவர் முழுக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் தொங்கின. நீல விளக்கு எரிவது, போன் சார்ஜ் போடத் தனித் துளை வைத்தது, உருண்டையாகக் கோபுரம் மாதிரி நிற்பது. கண்ணாடிக்காரருக்குத் தலை சுற்றியது. கடைக்காரர் ஒன்றை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் எடுத்துக்கொண்டு, "இதுவா சார், அதுவா?" என்று கேட்டார். செய்த பாவம் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்து நின்றதுபோல் இருந்தது.

"கெட்டியா இருக்கணும்" என்றார். "ஆடியோ செட்டுக்கு."

"அப்ப இதைப் பாருங்க. உடம்பு இரும்பு. வயர் தடிமனைப் பாருங்க. ஒவ்வொரு துளைக்கும் தனி சுவிட்ச். லோடு ஏறிடுச்சுன்னா தானே கட் ஆயிடும், இந்தப் பட்டனை அமுக்கினா திரும்ப வரும். வயர் எவ்ளோ நீளம் வேணும்? பழசு கொண்டாந்திருக்கீங்களா?"

பழசை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குள் பல்பு வாங்க ஒரு பெண் வர, கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். சும்மா நிற்க வேண்டியதாயிற்று. சும்மா நின்றால் அவர் கை சும்மா இருக்காது. யாருடைய கண்ணாடியையாவது வாங்கிக் கீறலைத் தேடும் கை அது. பாக்ஸை எடுத்து, தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

முதல் மூன்று துளைகளும் வெள்ளையாகவே இருந்தன. புகை கொஞ்சம் படிந்திருந்தது, துடைத்தால் போய்விட்டது. உருகியது நான்காவது துளை. அதுவும் இரண்டு மெல்லிய முள் போகிற வாய் இல்லை, தடித்த மூன்று முள் போகிற வாய். சுற்றிலும் பிளாஸ்டிக் கறுத்துக் குழைந்து வழிந்திருந்தது.

அக்காவின் செட்டை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஆம்ப்ளிஃபயர், பிளேயர், டெக், மூன்றுக்கும் மெல்லிய இரண்டு முள் பிளக். முதல் மூன்று துளை. நான்காவது காலியாகத்தான் இருந்தது.

காலியாக இருந்ததே, அதனால்தான். "ஒரு ஓட்டை சும்மாதானே கிடக்கு" என்று போன மாதம் வாங்கிய நீராவி இஸ்திரிப் பெட்டியின் தடித்த பிளக்கை அதில் சொருகியவர் யார்? ஹாலில் இருக்கிற பிளக் பாயிண்ட் பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று, மனைவி சமையலறையில் இருக்க, அக்கா குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் கட்டில் மேல் போர்வையை விரித்துச் சட்டை தேய்த்தவர் யார்? காலர் நலுங்கியிருந்தால் கடை மேனேஜர் முறைப்பார் என்று, தினமும். அன்று காலை பிளக்கைப் பிடுங்கும்போது அது வர மறுத்தது. விரல் சுட்டது. நேரமாகிவிட்டது என்று வெடுக்கென்று இழுத்துவிட்டுப் போனார். போகும்போது மனசுக்குள் சொன்ன வார்த்தைகூட நினைவுக்கு வந்தது. தாங்கும்.

உள்ளே ஏற்கெனவே இளகிக் கனன்று கிடந்த பாக்ஸில், அக்கா குளித்துவிட்டு வந்து பாட்டைப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அப்போதுதான் அவருக்கு அக்கா சொன்ன வாக்கியம் காதில் சரியாக விழுந்தது. அன்று மாலையே அவரிடம் நேராகச் சொன்னாள். "நான் பாட்டுதாண்டா போட்டேன்." நான்தான் பாட்டு போட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. பாட்டுதான் போட்டேன், வேறொன்றும் செய்யவில்லை என்று சொன்னாள். ஒரு 'தான்' இடம் மாறி உட்கார்ந்துகொண்டதில், சொன்ன சொல் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது. மனைவி போனில் அப்படிச் சொன்னாள் என்பதற்காக, இவரும் அப்படியே கேட்டிருக்கிறார். கேட்டதோடு விட்டாரா? "சரி விடுக்கா, நீ ஒத்துக்கிட்டதே பெரிசு" என்று பெருந்தன்மையாக மன்னித்து வேறு வைத்தார். அதை நினைத்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடையின் வெளிச்சத்தில் நிற்கவே கூசியது.

"என்ன சார், அந்த இரும்பு பாடியே போட்டுடவா?" கடைக்காரர் திரும்பி வந்திருந்தார். "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. செட் என்ன, கூடவே ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டாலும் தாங்கும்."

"இஸ்திரிப் பெட்டி எதுக்கு அதுல?" என்று கண்ணாடிக்காரர் எரிந்து விழுந்தார். கடைக்காரர் பேசாமல் கட்டிக் கொடுத்தார். பழசை அவர் திரும்பத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் புது பாக்ஸ் கனமாக இருந்தது. உட்கார்ந்ததும் மனசு வேறு பேச்சுப் பேச ஆரம்பித்தது. இவ்வளவு கெட்டியான பாக்ஸைப் பார்த்தால் மனைவி சம்மதித்துவிடுவாள். செட் அக்காவிடமே இருக்கும். நாளையிலிருந்து சட்டையை வேறு எங்காவது தேய்த்துக்கொண்டால் போயிற்று. முடிந்த விஷயத்தைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? உள்ளதைச் சொன்னால் மனைவி ஒரு மூச்சு பாடுவாள், அதைக் கேட்க உடம்பில் தெம்பில்லை. சோர்ந்துபோன மனிதனுக்கு நியாயம் பேச வராது, சமாதானம் பேச நன்றாக வரும். இறங்கும்போது அவர் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தால் பின்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா செட்டை மூட்டை கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு வயரையும் சுருட்டி நூல் போட்டுக் கட்டியிருந்தாள். ஆம்ப்ளிஃபயருக்குத் தன் பழைய புடவையைச் சுற்றியிருந்தாள். முழங்காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் அழுகையெல்லாம் இல்லை, வேலை முடித்த களைப்புதான்.

"என்னக்கா, அதுக்குள்ள?"

"நாளைக்கு வர்றவர் வந்து நிக்கும்போது தேடிக்கிட்டு இருக்க முடியுமா? அதான்."

மனைவி புது பாக்ஸை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். வயரை விரலால் அழுத்தினாள். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கனமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "சரி அண்ணி, செட் இருக்கட்டும். ஆபீஸ்ல கேட்டவர்கிட்ட நான் வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா இனிமே வீட்ல யாராவது இருக்கும்போது மட்டும் போடுங்க. நீங்க தனியா இருக்கும்போது வேண்டாம். ஆபீஸ்ல உக்காந்து என்னால பயந்துக்கிட்டே இருக்க முடியாது" என்றாள்.

தனியாக இருக்கும்போது வேண்டாம். அக்கா தனியாக இல்லாத நேரம் எது? காலையில் இரண்டு பேரும் பறக்கிற நேரமும், ராத்திரி இரண்டு பேரும் விழுகிற நேரமும்தான்.

அக்கா தலையை ஆட்டினாள். "சரிம்மா" என்றாள்.

ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் கண்ணாடிக்காரர் தப்பித்திருப்பார். அந்த "சரிம்மா" அவரை உலுக்கிவிட்டது. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"நான்தான் இஸ்திரி போட்டேன்" என்றார்.

"என்னது?"

"எரிஞ்சது நாலாவது ஓட்டை. அக்காவோட பிளக் எதுவும் அதுல இல்ல. நான்தான் தினமும் இந்த ரூம்ல சட்டை தேய்ச்சேன், அந்த பாக்ஸ்லதான் போட்டேன். அன்னைக்கு பிளக் சுட்டுச்சு. தெரிஞ்சும் போயிட்டேன்."

ஒரு மூச்சு பாடுவாள் என்று எதிர்பார்த்த மனைவி, பையிலிருந்து பழைய பாக்ஸை எடுத்து அந்தக் கறுத்த துளையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தேய்ச்ச வாடை போர்வையில இருக்காதா? தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. பாட்டுதான் போட்டேன்னு சொன்னேன். நீ ஒத்துக்கிட்டதே பெரிசுன்ன." அவள் குரலில் குத்தல் இல்லை. களைப்பாக, கணக்காகச் சொன்னாள். "ஒரு தடவை சொல்லியாச்சு. ரெண்டாவது தடவை அழுத்திச் சொல்றதுக்கு இது என் வீடாடா?"

இல்லை என்று சொன்னால் கொடுமை, ஆமாம் என்று சொன்னால் பொய்; இந்த ஒரு வாரம் அதைப் பொய்யாக்கி வைத்திருந்தது.

மனைவிதான் முதலில் அசைந்தாள். ஆம்ப்ளிஃபயரைச் சுற்றியிருந்த புடவை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். "வேண்டாம்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம், நீயே அசந்து போயிருக்க" என்றாள் அக்கா. "இருக்கட்டும் அண்ணி" என்று மட்டும் சொன்னாள் அவள், தலையை நிமிர்த்தாமல். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கண்ணாடிக்காரர் தரையில் மண்டியிட்டு வயர்களைப் பிரித்து, மெல்லிய முள் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் புது பாக்ஸில் சொருகினார். இன்னும் துளைகள் மிச்சமிருந்தன. எழுந்து போய், இஸ்திரிப் பெட்டியை அக்காவின் அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்து ஹாலில் பீரோ மேல் வைத்துவிட்டு வந்தார். நாளைக்கு அந்த பீரோவை நகர்த்த வேண்டும். நினைக்கும்போதே முதுகு வலித்தது.

"போடுங்க அண்ணி" என்றாள் மனைவி.

"என்னால எழுந்திருக்க முடியல. நீயே போடு."

மனைவி பொத்தானை அமுக்கினாள். பாட்டு மெல்ல வந்தது. சமையலறையில் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, அவள் சுவரில் சாய்ந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கிற்று. கண்ணாடிக்காரர் தரையிலேயே இருந்தார், உள்ளங்கையைப் புது பாக்ஸின் மேல் வைத்தபடி.

"கையை எடுடா" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "அது சுடாது. பாட்டுதானே போட்டிருக்கு."

"இருக்கட்டும்க்கா" என்றார்.