கதிர் ஒடித்த சோளத்தட்டை

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பின்னால் இசபெல்லா மக்காச்சோளம் ஊன்றியிருந்தாள். அது முழங்கால் உயரம் வந்ததும், பக்கத்து வீட்டு முத்தம்மா அதே பாத்தியில் பயறு ஊன்றினாள். கொடி சோளத்தைப் பற்றி ஏறும். தனியாகக் கொம்பு நட வேண்டியதில்லை. அது 1926 மாசி மாதம்.

பங்குனியில் முத்தம்மாவின் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளையில்லாத இசபெல்லாதான் கண் வைத்துவிட்டாள் என்று முத்தம்மா லயமே கேட்கக் கத்தினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

சித்திரையில் இசபெல்லா கதிர்களை ஒடித்தாள். ஒடித்தபின் தட்டையைக் கங்காணி வீட்டு மாட்டுக்குக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். பால்மரப் பட்டை வெட்டிவிட்டு வந்த முத்தம்மா, கங்காணியின் மனைவி அரிவாளோடு பாத்தியில் நிற்பதைக் கண்டாள். பயறு அப்போதுதான் பூத்திருந்தது. தேறிவரும் பாப்பாவுக்கு வேறு காய்கறி இல்லை. எந்த வாயால் இசபெல்லாவைக் கேட்பது? மாரியம்மனிடம்கூடக் கேட்க அவளுக்குக் கூசியது.

"எலைய மட்டும் எடுத்துக்குங்க அக்கா. தட்ட நிக்கட்டும்," என்றாள் அங்கே வந்த இசபெல்லா.

"எதுக்கு? குருத்தோலைன்னு மாதா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகவா?"

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் பயறு வேணும்லா."

கங்காணியின் மனைவி முணுமுணுத்தபடி இலையை மட்டும் அறுத்துப் போனாள்.

முத்தம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பயற்றுக்கு ஊற்றினாள். பிறகு, கொடி ஏறாத தட்டைகளுக்கும் ஊற்றினாள்.

"மொட்டத் தட்டைக்கு ஏண்டி தண்ணி?" என்றாள் இசபெல்லா.

"அதுவும் நிக்கட்டும் அக்கா," என்னும்போதே முத்தம்மா அழுதுவிட்டாள்.