மறுநாள் காலையைக் காட்டுவதில்லை

லிஃப்ட்காரர் அன்றைக்கும் பிரான்ஸுக்குப் போய்விட்டார். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை, கைகால் கழுவியதோடு சரி. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ரிமோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, டிவியில் ஒரு கல் வீட்டைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நகரத்துக் குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு, நிறம் மாறுகிற சொட்டில் சட்டென்று நிறுத்த வேண்டும். பேச்சும் அவளுக்கு அப்படித்தான் வரும் என்பதால் கூட வேலை பார்க்கிறவர்கள் சொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் நாலு வார்த்தை பேச வேண்டுமே.

அந்த நிகழ்ச்சியில் தினமும் ஒரு ஜோடி வரும். மழையும் நெரிசலுமான ஏதோ ஒரு நகரத்தில் குப்பை கொட்டியது போதும் என்று, பிரான்ஸின் தெற்கே கிராமம் கிராமமாக வீடு தேடுவார்கள். மூன்று வீடுகள் காட்டுவார்கள். ஒன்றில் கிணறு இருக்கும், தண்ணீர் இருக்காது. இன்னொன்றில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அது அவர்களுக்குப் பிடிக்காது. மூன்றாவதில் கூரையே இருக்காது. அதைத்தான் வாங்குவார்கள். வாங்கிவிட்டு, ஊதாப் பூ வயலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். தமிழில் குரல் கொடுத்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். எல்லாக் கணவன்மார்களுக்கும் ஒரே தொண்டை. ஒரே ஆள்தான் தினம் ஒரு மனைவியோடு வந்து வீடு பார்த்துவிட்டுப் போகிறான் என்று சொட்டுவுக்குத் தோன்றும்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது அவள் தலையில் வேறு பாரம் இருந்தது. நகரத்துக்குத் தண்ணீர் வருகிற அணைக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே சுத்திகரிப்பு நிலையத்தில் புதிதாக ஆய்வகம் திறக்கிறார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்த அவளைக் கேட்டிருந்தார்கள். தினம் போய் வருகிற தூரமில்லை, அங்கேயே குடியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆசை இருந்தது. போன வாரம் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். லிஃப்ட்காரர் "ம்" என்றார். கை கழுவினார். டிவியைப் போட்டார். அதுவரை பார்த்தே இராத அந்த நிகழ்ச்சி அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்தது.

வேறு வீடாக இருந்தால் மனைவி, "என்னங்க, ம்-னா என்ன அர்த்தம்?" என்று கேட்டிருப்பாள். இந்த வீட்டில் அப்படி வழக்கமில்லை. கல்யாணமான புதிதில் அவர் ஈர டவலைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவார். சொல்ல அவளுக்குக் கூச்சம். ஒருநாள் சீரியலில் ஒருத்தன் அதே காரியத்தைச் செய்தான். "இந்த ஆளுக்குக் கொடியே கண்ணுல படாது போல" என்றாள், திரையைப் பார்த்தபடி. மறுநாள் டவல் கொடியில் காய்ந்தது. பிறகு ஒருநாள் ஏதோ ஒரு கதாநாயகியைப் பார்த்து அவர், "இவ வாயைத் திறந்து அந்த அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சா போயிடும்" என்றார். உடனே சொட்டு எழுந்துபோய் அவருடைய அக்காவுக்குப் போன் செய்து நலம் விசாரித்தாள். அதிலிருந்து வீட்டில் எதுவானாலும் திரையில் இருப்பவர்கள் தலையில்தான் விடிந்தது. மூன்று வருஷத்தில் ஒரு சண்டை கிடையாது. இவர்களை மாதிரி இருக்கணும் என்று பக்கத்து வீட்டில் உதாரணம் காட்டினார்கள்.

ஆகவே "ம்"-க்கு அர்த்தம் பிரான்ஸிலிருந்துதான் வரும் என்று சொட்டு காத்திருந்தாள்.

திங்கட்கிழமை ஜோடியில் மனைவி ஓவியம் வரைகிறவள். மலைமேல் ஒரு வீட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. லிஃப்ட்காரர் நாக்கால் சூள் கொட்டினார். படி எவ்வளவு குறுகல் பார், ஒரு கட்டிலை மேலே ஏற்ற முடியுமா, பெண்டாட்டி அழுதாள் என்பதற்காக வாங்கிவிடுவதா என்றார். சரி, வேண்டாம் என்கிறார், என்று சொட்டு முடிவுகட்டினாள். அன்றைக்குப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே துலக்கினாள்.

செவ்வாய்க்கிழமை ஜோடி மூன்று வீடுகளையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். லிஃப்ட்காரருக்கு வந்ததே கோபம். "இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பிப் போறான் பாரு. கோழை" என்றார். சொட்டுவுக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை அவர் எதுவுமே சொல்லவில்லை. பாதியில் ஒரே ஒரு தடவை, "இவன் முன்னாடி என்ன வேலை பாத்தான்?" என்று கேட்டார். வங்கியில் என்று ஞாபகம் என்றாள். தலையாட்டினார். அது சம்மதத் தலையாட்டலா, மறுப்பா, கழுத்து வலியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வியாழன் மதியம் ஆய்வகத்துப் பின்கட்டில் நின்றுகொண்டு அண்ணிக்குப் போன் செய்தாள். அவருடைய அக்காதான். தையல் கடை வைத்திருப்பவர், வாயும் மெஷின் மாதிரி ஓடும். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் கதையையும் சொட்டு சொல்லி முடிப்பதற்குள் அண்ணி ஒரு ரவிக்கைக்குக் கை வைத்து முடித்துவிட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்துகிட்டு வெள்ளைக்காரனைத் தூது விடறீங்களே, அவனுக்கு வேற பொழப்பு இல்லையா?" என்றார் அண்ணி.

தம்பி சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரன், தானாகச் சொல்வான் என்று காத்திருந்தால் நரைத்துவிடும், நேராகக் கேள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சொல்வது சுலபம். சொட்டு அன்றைக்கு மூன்று பாட்டில் தண்ணீரைச் சோதித்தாள், ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஒரே பாட்டிலை மூன்று முறை அளந்து மூன்று விதமாக வந்தால் தண்ணீரைச் சந்தேகப்படக் கூடாது, கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளேதான் சொல்லிக்கொடுப்பாள். அது நினைவுக்கு வந்தபோது கையிலிருந்த குழாயைத் தாங்கியில் மாட்டிவிட்டு அப்படியே நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜோடி இரண்டாவது வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். சொட்டு வந்தாள். லிஃப்ட்காரரின் தொடையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். டிவியை அணைத்தாள். அந்த வீட்டில் ஒரு நிகழ்ச்சி நடுவில் அணைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே கொஞ்சம் பயந்துபோனார்கள்.

"கரண்டு போயிடுச்சா?" என்றார் அவர்.

"நான்தான் அணைச்சேன். நாளைக்கு நான் பதில் சொல்லணும். நான் போகட்டுமா, வேணாமா? போனா நீங்க வருவீங்களா?"

ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது. லிஃப்ட்காரர் இருண்ட திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அதைத்தானே ஒரு வாரமா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

"எதை?"

"இவனுங்க என்ன பண்றானுங்கன்னு. பொண்டாட்டிக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கு. படம் வரையறா, ரொட்டி சுடறா, விருந்தாளிக்கு ரூம் விடறா. கூட வந்தவன் சாவியை வாங்கறான், மரத்தடியில நின்னு ஒரு டம்ளர் குடிக்கறான், நிகழ்ச்சி முடிஞ்சு பேரு ஓட ஆரம்பிச்சுடுது. மறுநாள் காலைல எழுந்து அவன் என்ன பண்ணுவான்? அதை மட்டும் ஒருநாளும் காட்ட மாட்டேங்கறானுங்க."

சொட்டுவுக்குப் புரிவது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனாரே, அது பொய். அணைக்கட்டு ஊருக்குத்தான் போயிருக்கிறார். ஊரை இரண்டு சுற்று சுற்றியிருக்கிறார். பள்ளிக்கூடம் ஒரு மாடி. ஆஸ்பத்திரி ஒரு மாடி. கடைத்தெருவில் அண்ணாந்து பார்க்க ஒரு கட்டடம் இல்லை.

"உசரமா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். தண்ணித் தொட்டி. அதுக்கும் ஏணி" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பதினெட்டு வயதில் கையில் ஸ்பேனர் பிடித்தவர். நகரத்தில் எந்த உயரமான கட்டடத்தைக் கடந்தாலும், இதன் லிஃப்ட் கயிறு எனக்குத் தெரியும் என்று சொல்கிறவர். அவர் அந்த ஊரில் காலையில் எழுந்து, பல் விளக்கி, அப்புறம்? இந்த ஒரு வாரத்தில் அவர் வருவாரா என்று எண்ணற்ற தடவை யோசித்திருந்தாள். வந்து என்ன செய்வார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அது அவளைச் சுட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போக மாட்டே. சொல்லாம இருந்தா நான் வந்தே ஆகணும். எனக்கே ஒண்ணும் புரியலை."

"அப்ப திங்கக்கிழமை, குறுகலான படி, அழுதா வாங்கிடறதான்னு சொன்னீங்களே?"

"படி குறுகலாத்தானே இருந்துச்சு."

"செவ்வாய்க்கிழமை கோழைன்னீங்க."

"கோழைதான். வந்தவன் ஒரு ராத்திரியாவது தங்கிப் பாக்க வேண்டாமா?"

சொட்டுவுக்குக் காலுக்குக் கீழே எதுவோ நழுவுகிற மாதிரி இருந்தது. மெதுவாக, டவல் விஷயத்தைக் கேட்டாள். எந்த டவல் என்றார். கல்யாணமான புதிதில், சீரியலில் ஒருத்தன், நான் சொன்னேனே, மறுநாளே நீங்கள் கொடியில் போட்டீர்களே என்று எடுத்துச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"அது அக்கா வந்தப்ப திட்டிட்டுப் போச்சு. கட்டில் ஊறிடும்னு. அதனால போட்டேன். சீரியல் எல்லாம் எனக்கு ஞாபகமில்லை."

அண்ணியிடம் பேசச் சொன்னது? அதுவும் அந்தக் கதாநாயகியைத்தான். அந்தப் பெண் அக்காவிடம் பேசியிருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காதே என்று இப்போதும் ஆதங்கப்பட்டார். மூன்று வருஷமாக அவர் டிவி பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அவள்தான் ஒவ்வொரு சாயங்காலமும் தனக்கு வந்த சேதி என்று உடனுக்குடன் காரியத்தில் இறங்கியிருக்கிறாள். நீலச் சட்டை நன்றாக இல்லை என்று அவர் ஒரு செய்தி வாசிப்பவரைப் பற்றிச் சொன்னதற்காக, அவள் தன்னுடைய நீலப் புடவையை அண்ணிக்குக் கொடுத்திருந்தாள். நல்ல புடவை.

"நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லையே, அது எப்படி?" என்று கேட்டாள், அவரையா தன்னையா என்று தெரியாமல்.

"அதுதான் எனக்கும் ஆச்சரியம்" என்றார் லிஃப்ட்காரர்.

அன்றைக்கு மறுபடி டிவி போடவில்லை. சாப்பிட்டார்கள். வருவேன் என்று அவர் சொல்லவில்லை. போக மாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. போகத்தான் ஆசை என்று மட்டும், திரையைப் பார்த்துச் சொல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவர் "ம்" என்றார். அது வெறும் ம்.

வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வையாளர் மேடத்தின் அறைக்குப் போய், பொறுப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். மேடம் சந்தோஷப்பட்டார். நிலையத்துக்குள்ளேயே குடியிருப்பு இருப்பதாகச் சொன்னார். தனி ஆள் என்றால் ஒரு அறை, இன்னும் இரண்டு பெண்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், சௌகரியம். குடும்பம் என்றால் தனி வீடு, கொஞ்சம் தள்ளி. எதைப் போடட்டும் என்று பேனாவைத் திறந்தார்.

ஒரு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டு சொட்டு வெளியே வந்தாள். அவர் வேலை நேரத்தில் அவள் போன் செய்ததே கிடையாது. ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் பொந்துக்குள் இருந்தார். அவர் "என்னாச்சு?" என்று கேட்டது நாலைந்து பேர் கேட்டமாதிரி எதிரொலித்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள். அறையா, வீடா.

ரொம்ப நேரம் இரும்புச் சங்கிலி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சங்கிலி நின்றது.

"வீடுன்னு சொல்லு" என்றார். "வந்து இருந்து பாக்கறேன். ஒத்து வரலைன்னா சொல்லிடுவேன்."

"நேரா சொல்லுவீங்களா?"

"பின்ன டிவியிலயா சொல்லுவாங்க?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒண்ணு மட்டும். சாயங்காலம் வந்து, இன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு கேக்கக் கூடாது."

"சரி. கேக்கலை."

மறுபடி சங்கிலி ஓடத் தொடங்கியது. அதற்கு மேலாகக் குரலை உயர்த்தி அவர், "கேக்காமலும் இருந்துடாதே" என்றார். போன் வைக்கப்பட்டது.

கேட்க வேண்டுமா, கூடாதா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்தாள். உள்ளே மேடம் காத்துக்கொண்டிருந்தார். சொட்டு போய் மேசை எதிரில் நின்றாள்.

"தனி வீடுன்னே போட்டுக்கோங்க மேடம்."

"நிச்சயமாத்தானே? அப்புறம் மாத்தறது கஷ்டம்."

"தெரியலை மேடம்" என்றாள் சொட்டு. "வீடுன்னே போடுங்க."